பங்களா பார்க்கப் போன கிறிஸ்துமஸ்

நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். இப்போது டிசம்பர் பிறந்தால் திருப்பூரில் நகைக்கடை, துணிக்கடை வாசலிலெல்லாம் பிளாஸ்டிக் மரம் முளைத்துவிடுகிறது. பஞ்சுத் தாடி ஒட்டிய ஆள் ஒருவர் மிட்டாய் கொடுக்கிறார். நாம் பிள்ளைகளாக இருந்தபோது அதெல்லாம் ஏது? கிறிஸ்துமஸ் ஜோடனை பார்க்க வேண்டுமானால், அது இருக்கிற வீட்டைத் தேடி நடக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே பழைய வீடுகள். வெள்ளைக்காரர்கள் கட்டியவை, இல்லையென்றால் அவர்களைப் பார்த்து நம்மவர்கள் கட்டியவை. பண்டிகை சமயத்தில் கேட்டைத் திறந்து வைப்பார்கள். யாரும் போகலாம், பார்க்கலாம், ஒரு துண்டு கேக் கிடைக்கும். எதையும் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படி நான் பார்க்கப் போனது ஒரே ஒரு வருஷம்.

நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மாவின் ஊர் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஓட்டுக்கூரை போட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஓர் அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசை. அம்மாவுக்கு அதே கம்பெனியில் தைத்து வந்த பனியனை விரித்து ஓட்டை, கறை பார்க்கிற வேலை. அவள் வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும். தங்கச்சி மடியில் ஏறி உட்கார்ந்து, "அம்மா கெழவி ஆயிட்டா" என்று சொல்லிச் சொல்லி அதைப் பொறுக்குவாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தங்கச்சி இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை.

டிசம்பர் மாதம் பனியன் கம்பெனிக்காரர்களுக்குப் பண்டிகை மாதமில்லை. பொங்கல் ஆர்டர் நெருக்கும். எங்கள் வேதக்கோயிலுக்குப் போய் வந்த கையோடு கிறிஸ்துமஸ் அன்றைக்கே வேலைக்கு ஓடியவள் எங்கள் அம்மா. பஸ்ஸில் போகும்போது பஞ்சு மில்லுக்குப் பக்கத்திலிருந்த பங்களாவின் மாடியில் தொங்கும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். உள்ளே மரம் இருக்குமாம், கண்ணாடிப் பந்து இருக்குமாம் என்று கேட்டதை வைத்துக்கொண்டு எங்களுக்குக் கதை சொல்லுவாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவள் மூன்றாவது பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் எங்கள் இரண்டு பேர் கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வருசம் எனக்குப் பொங்கல் ஆர்டரு கெடையாதுல்லா. கிறிஸ்மசுக்குள்ள பிள்ளையத் தூக்கிட்டு வந்துருவேன். எல்லாருமா பங்களா பாக்கப் போவோம். அழப்பிடாது, என்ன?"

கார்த்திகை கடைசியில் தந்தி வந்தது. தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை என்று அதில் இருந்தது. எங்களுக்கு அது தெரியாது. தங்கச்சி அப்போது தட்டம்மை கண்டு படுத்திருந்தாள். அப்பா எங்களை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினார். அந்த அம்மாள் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரி, அந்தப் பக்கத்துக் கவுண்டர் வீட்டு மனுஷி. அதுவரை வாடகைக்கு மட்டும்தான் எங்கள் வாசலுக்கு வருவாள். அந்த நாட்களில் தன் வீட்டுக் கூடத்திலேயே எங்களைப் படுக்க வைத்து, "சோறு உண்டியா கண்ணு? இன்னொரு வாய் உண்ணு சாமி" என்று ஊட்டிவிட்டாள். தட்டம்மைக்காகத்தான் இவ்வளவு கவனிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா திரும்பி வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. கையில் பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி. அதை எங்களிடம் நீட்டி, "அம்மா குடுத்து விட்டா" என்றார்.

"அம்மா எங்கப்பா?" என்றாள் தங்கச்சி.

"மேலுக்கு முடியல. பண்டிகை கழிச்சு வருவா."

"பாப்பா?"

அப்பா ஓலைப் பெட்டியைத் திறந்துகொண்டே, "பாப்பாவும் அம்மாகூடத்தான் இருக்கு" என்றார்.

அது பொய்யில்லை என்று பல வருஷம் கழித்து என் அத்தை சொல்லித் தெரிந்தது. இருவரையும் ஒரே பெட்டியில்தான் வைத்தார்களாம்.

அந்தக் கருப்பட்டியை நாங்கள் ருசித்து ருசித்துத் தின்றோம். சுக்குப் போட்ட கருப்பட்டி. அம்மா கையால் தொட்டது என்று தங்கச்சி ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார்.

பண்டிகை கழியட்டும், பிறகு நானே சொல்கிறேன், அதுவரை பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாராம். லைன் வீட்டுக்காரர்கள், கம்பெனி ஆட்கள், கோயில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவர்கூட வாய் தவறவில்லை. அதோடு அப்பா இன்னொன்றும் முடிவு செய்திருந்தார். அம்மா சொல்லிவிட்டுப் போன பங்களாக்களை எங்களுக்குக் காட்டிவிடுவது என்று. பொங்கல் ஆர்டர் மும்முரத்தில் முதலாளியிடம் லீவு கேட்டு வாங்கினார். அப்படி லீவு போட்டு அவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

முதலில் போனது பாதிரியார் பங்களா. உயரமான கூரை, அதில் பெரிய மர உத்திரங்கள், சுண்ணாம்பு வாடை. கூடத்தில் சவுக்குக் கிளையை மண் தொட்டியில் நட்டு, வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓரத்தில் வைக்கோல் போட்டுக் குடில். மாட்டுக்கு ஒரு காது இல்லை. மரியாளும் யோசேப்பும் இருந்தார்கள், தொட்டில் காலியாக இருந்தது.

"பாப்பா எங்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

"இன்னும் பொறக்கலம்மா. பண்டிகை அன்னைக்குத்தான் வைப்போம்" என்றார் பாதிரியாரின் மனைவி.

"எங்க பாப்பா பொறந்துட்டு. அம்மாகூட இருக்கு" என்று தங்கச்சி பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது தெரிந்தது. ஆளுக்கு மூன்று துண்டு கேக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றுதான். எங்கள் புது கவுனைப் பார்த்துத்தான் மூன்று கொடுத்தார்கள் என்று தங்கச்சி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கவுனும் முதலாளி வீட்டில் கொடுத்தனுப்பியதுதான். அந்த மாதம் எங்களைப் பார்த்த எல்லோருமே ஏதாவது கொடுத்தார்கள். தெருமுனைக் கடைக்காரர் கமர்கட்டுக்குக் காசு வாங்கவில்லை. எனக்கு அதெல்லாம் ஆச்சரியமாக இருந்ததே தவிர, சந்தேகம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மாவின் பங்கு கேக்கை நான் பழைய பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்தேன். அப்பா அதைப் பார்த்தார்.

பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் மில் பங்களாவுக்குப் போனோம். பருத்தியில் கொட்டையைப் பிரித்துப் பஞ்சு அரைக்கும் மில்லை நடத்திய வெள்ளைக்காரத் துரை கட்டியது அது. சுற்றிலும் வராந்தா, நடுவில் மர மாடிப்படி, தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குக் கட்டங்கள். துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது மில்லையும் பங்களாவையும் வாங்கியவர்கள் நம்மூர்க் குடும்பம்தான். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அந்த வீட்டுப் பெரியம்மா வருஷம் தவறாமல் ஜோடனை செய்வார். நெற்றியில் திருநீறு, காதில் வைரத்தோடு, கையில் கேக் தட்டு.

அப்பா அவரிடம் கும்பிட்டு, "நீங்க ஏம்மா இதெல்லாஞ் செய்யுதிய?" என்று கேட்டார்.

"துரைச்சானியம்மா பொட்டியோட வெச்சுட்டுப் போனதுங்க இதெல்லாம். நான் கண்ணாலமாயி வந்தப்ப மச்சுல கெடந்துச்சு. பொட்டியிலயே கெடந்து வீணாப் போறதுக்கு, நாலு கொழந்தைக வந்து பாத்துட்டுப் போகட்டுமேன்னுதானுங்க" என்றார் அந்தப் பெரியம்மா.

மரம் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. கிளைகளில் மில் பஞ்சு, பனி மாதிரி. பருத்திக்கொட்டை வாடையும் அந்துருண்டை வாடையும் ஜாதிக்காய் போட்ட கேக் வாடையும் கலந்து வந்தது. கண்ணாடிப் பந்துகளில் நாங்கள் மூன்று பேரும் தலை பெருத்துக் கால் சிறுத்துத் தெரிந்தோம். அப்பா தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அந்தா பாரு நட்சத்திரம். இந்தா பாரு மணி. எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கிடணும், என்ன?" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அந்த வீட்டுப் பெரியம்மாவின் பேத்தி ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். வாத்து காட்டுகிறேன் என்று என் கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனாள். வாத்தைப் பார்த்தோம். பிறகு அவள் கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உங்கம்மா செத்துப் போயிட்டாங்களாமா?"

"இல்லியே. ஊர்ல இருக்காங்க. பண்டிகை கழிச்சு வருவாங்க."

"இல்ல. செத்துப் போயிட்டாங்க. பாப்பாவும். எங்கம்மாயி, கேக்குக் குடுக்கறாங்களே, அவங்கதான் சொன்னாங்க. உங்ககிட்ட நல்லா நடந்துக்கோணும், சண்டை போடக்கூடாதுன்னாங்க."

அவள் கெட்ட பெண்ணில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் உள்ளே ஓடினாள். மரத்திலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடிப் பந்தைப் பறித்து வந்து என் கையில் திணித்து, "இதை வெச்சுக்க. ஆருகிட்டயும் சொல்லாத" என்றாள். எதைச் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. பந்தை கவுன் பைக்குள் போட்டுக்கொண்டேன். முட்டை ஓடு மாதிரி லேசாக இருந்தது.

அவள் சொன்னது உண்மை என்று உடனே தெரிந்துவிட்டது. மூன்று துண்டு கேக்கும், கமர்கட்டும், வீட்டுக்காரம்மா ஊட்டிய சோறும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. வாத்துகள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. மில் சங்கு ஊதியது. உள்ளேயிருந்து தங்கச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்பாவிடம் ஓடிப்போய்க் கேட்க வேண்டும் என்று வாசல்படி வரை வந்தேன். அப்பா தூணில் சாய்ந்து மரத்தைப் பார்த்தபடி தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் யாருமில்லை என்பதால் அவர் முகத்தில் ஒன்றுமே மிச்சமிருக்கவில்லை. என்னைக் கண்டதும் அவசரமாகச் சிரித்தார். "பாத்துட்டியாட்டி? நல்லாருக்குல்லா?" என்றார்.

"நல்லாருக்குப்பா" என்றேன்.

அந்தச் சிரிப்பை அவர் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டேன். கேட்டால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போது பைக்குள் கையை விட்டு அந்தப் பந்தை இறுக்கிப் பிடித்தேன் போலிருக்கிறது. நொறுங்கி, விரலைக் கிழித்து, கவுனில் ரத்தம் பரவியது. அப்பா பதறிப்போய்த் தெருக்குழாயில் கையைக் கழுவிவிட்டார். அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை கேட்டிராத சத்தத்தில் அழுதேன். "ஒரு பந்துக்கா இப்படி அழுவாவ? நான் வேற பந்து வாங்கித் தாரேன். இல்லாட்டி இவ்வளவு பெரிய பலூன் வாங்கித் தாரேன்ட்டி" என்று அப்பா சொல்லிக்கொண்டே வேட்டி நுனியைக் கிழித்துக் கட்டினார். அம்மாவுக்காக நான் அழுதது அந்தக் குழாயடியில்தான்.

மறுநாள் கிறிஸ்துமஸ். கோயில் முடிந்து பொங்கலூர்ப் பக்கம் முதலாளியின் பூர்வீகத் தோட்டத்து வீட்டுக்குப் போனோம். கல்தூண் வைத்த நூறு வருஷத்து வீடு. கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்களுக்காக அன்றைக்கு மட்டும் அந்த வாசலில் காகிதத் தோரணம் கட்டி, ஒரு நட்சத்திரமும் தொங்கவிட்டு, பந்தி போடுவார்கள். இலையில் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த முதலாளியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தங்கச்சி கேட்டாள்:

"எங்கம்மா எப்ப வருவா?"

பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"பண்டிகை கழிச்சு வருவாங்கட்டி. சாப்பிடு" என்று நான் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நம்புகிறாள் என்று அவருக்கு நிம்மதி வந்ததா, வேறு ஏதாவது தோன்றியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறுபடி குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்களும் சாப்பிட்டார்கள்.

புது வருஷம் பிறந்தபிறகு ஊரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. அவள் பக்கத்தில் இருக்கும்போது அப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் போய்விட்டது. தங்கச்சி கதவில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அடுத்த வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து அழுதார்கள். எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. எழுந்து போய் அப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"பெத்தவ போயிட்டான்னு சொல்லுதோம், கல்லு மாதிரி நிக்கா பாரு" என்றாள் அத்தை.

அந்தப் பேச்சு அத்தோடு போகவில்லை. பெரியவள் கல்நெஞ்சுக்காரி, எதையும் தாங்கிக்கொள்வாள், சின்னவள்தான் ஏங்கிப்போவாள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். தங்கச்சியை அத்தை வளர்க்கட்டும், அப்பாவுக்குச் சோறு பொங்க நான் இருக்கட்டும் என்று ஆயிற்று. பொங்கலுக்கு முன்பே தங்கச்சியைக் கூட்டிப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அக்கா வா, அக்கா வா" என்று அவள் கத்திக்கொண்டே போனாள். நான் அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டேன். கொஞ்ச காலத்தில் அம்மா நின்று வேலை பார்த்த அதே மேசைக்கு நானும் போனேன். தங்கச்சி தெற்கத்திப் பெண்ணாக வளர்ந்தாள், டீச்சருக்குப் படித்தாள். கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களைப் போல ஆகிவிட்டோம். அந்தக் குழாயடி அழுகையை யாராவது சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் ஒருவேளை நாங்கள் ஒன்றாகவே வளர்ந்திருப்போம். யாரைக் குற்றம் சொல்வது? எல்லோரும் எங்களுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார்கள்.

அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் தானாகவே சொன்னார்: "ஒங்களுக்கு நான் ஒண்ணுஞ் செய்யலட்டி. ஆனா அந்த ஒரு கிறிஸ்மசாவது ஒரு கவலயுமில்லாம இருந்திய ரெண்டு பேரும். அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"ஆமாப்பா" என்று அவர் காலைப் பிடித்துவிட்டேன். அந்தத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு என்ன வந்தது?

இந்த டிசம்பரில் தங்கச்சி என்னைப் பார்க்க வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மில் பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது, பண்டிகைக்கு ஜோடித்து டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறார்கள், போவோமா அக்கா என்று அவள்தான் கேட்டாள். போனோம். வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதே கறுப்பு வெள்ளைத் தரை. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே கூட்டம். மரத்தில் பிளாஸ்டிக் பனி.

தங்கச்சி மாடிப்படி அருகில் போய் நின்றுவிட்டாள். முதல் படியைக் கையால் தடவினாள்.

"இங்கனதானக்கா அம்மா ஒக்காந்திருந்தா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த அம்மா?" என்றேன்.

"நம்ம அம்மாதான். அன்னைக்கு அப்பா நம்மளக் கூட்டிட்டு வந்தாவல்லா. நீ எங்கயோ வெளிய போயிட்ட. அம்மா இந்தப் படியில ஒக்காந்து என்னைய மடியில வச்சுக் கேக்கு ஊட்டினா. நான் சிரிச்சேன். காதுல தோடு மின்னுச்சு. போட்டோவுல உள்ள மொகம் எனக்கு வேற யாரோ மாதிரித்தான் இருக்கும். இது அப்படியில்ல. அம்மா மொகம்னு எனக்கு ஞாபகத்துல உள்ளது இந்த ஒண்ணுதான்."

எங்கள் அம்மாவுக்கு வைரத்தோடு ஏது? அன்றைக்கு அந்த வீட்டுப் பெரியம்மா மடியில்தான் அவள் இருந்திருக்க வேண்டும். நான் பின்வாசலில் நின்று, உள்ளேயிருந்து வந்த அவள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு ஞாபகம் இல்லியாக்கா?"

"நான் வெளிய நின்னுட்டேன்ட்டி. பாக்கல" என்று சொல்லி, அந்தப் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா எப்படி இருந்தா? சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள்.